எண்ணெய் வருவாய் சரிவு, எல்லையில் பதற்றம்: சவூதியின் புதிய மன்னர் சல்மானின் முன்னுரிமைகள் என்ன?

புதுதில்லி, மார்ச் 14, 2015: சவூதி அரேபியாவின் மன்னராகப் பொறுப்பேற்று ஏழு வாரங்கள் ஆகும் நிலையில், தமது ஆட்சியின் முன்னுரிமைகளை மன்னர் சல்மான் பின் அப்துல் அஜீஸ் கடந்த செவ்வாய்க்கிழமை (மார்ச் 10) நாட்டு மக்களுக்கு விரிவாக எடுத்துரைத்தார். ரியாத்தில் உள்ள அல்-யமாமா அரண்மனையில் அரச குடும்பத்தினர், மார்க்க அறிஞர்கள், அமைச்சர்கள் முன்னிலையில் அவர் ஆற்றிய உரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

தேச ஒற்றுமை, பாதுகாப்பு, வேலைவாய்ப்பு, வீட்டுவசதி, எண்ணெயை மட்டும் நம்பியிராத பொருளாதாரம் ஆகியவை அந்த உரையின் மையக் கருத்துகள். கேட்பதற்கு இவை எந்த ஆட்சியாளரும் அளிக்கும் வாக்குறுதிகளாகத் தோன்றலாம். ஆனால், உலகின் மிகப்பெரிய கச்சா எண்ணெய் ஏற்றுமதி நாட்டில், எண்ணெய் விலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ள வேளையில் இவை கூறப்பட்டுள்ளன. சுமார் 28 லட்சம் இந்தியர்களின் பிழைப்பு அந்நாட்டைச் சார்ந்திருக்கிறது. எனவே, ரியாத்தில் எடுக்கப்படும் முடிவுகள் நம் நாட்டின் பல லட்சம் குடும்பங்களையும் தொடுகின்றன.

யார் இந்த சல்மான்?

நவீன சவூதி அரேபியாவை 1932-இல் நிறுவிய மன்னர் அப்துல் அஜீஸின் மகன்களில் ஒருவர் சல்மான். தந்தைக்குப் பிறகு சவூத், பைசல், காலித், ஃபஹத், அப்துல்லா ஆகிய ஐந்து மகன்கள் ஆட்சி புரிந்தனர். ஆறாவதாக அரியணை ஏறியிருப்பவர் சல்மான். அவருக்கு வயது 79.

ரியாத் மாகாண ஆளுநராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றியவர் அவர். பாலைவன நகரமாக இருந்த ரியாத், பல லட்சம் மக்கள் வாழும் பெருநகரமாக வளர்ந்தது அவரது நிர்வாகக் காலத்தில்தான். 2011-இல் பாதுகாப்பு அமைச்சராகவும், 2012-இல் பட்டத்து இளவரசராகவும் நியமிக்கப்பட்டார். கடந்த ஜனவரி 23-ஆம் தேதி அதிகாலை மன்னர் அப்துல்லா காலமானதையடுத்து, அன்றே ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது.

மன்னரின் அதிகாரம் எத்தகையது?

சவூதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் இல்லை. 1992-இல் வெளியிடப்பட்ட ஆட்சிமுறைக்கான அடிப்படைச் சட்டம், புனித குர்ஆனும் நபிகள் நாயகத்தின் வழிமுறையுமே நாட்டின் அரசமைப்பு என்று கூறுகிறது. அரியணை அப்துல் அஜீஸின் மகன்களுக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் உரியது என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. மன்னரே பிரதமராகவும் அமைச்சரவைக்குத் தலைமை வகிக்கிறார். 150 உறுப்பினர்களைக் கொண்ட ஷூரா கவுன்சில் ஆலோசனை கூறலாமே தவிர, அதன் உறுப்பினர்களை நியமிப்பவரும் மன்னரே.

மக்கா, மதீனா ஆகிய இரு புனிதத் தலங்களின் காவலர் என்ற பட்டத்தையும் சவூதி மன்னர் தாங்கியுள்ளார். 1986-இல் மன்னர் ஃபஹத் இப்பட்டத்தை ஏற்றது முதல், அது அரசுரிமையோடு இணைந்துவிட்டது. ஆகவே, சவூதி மன்னரின் சொல் அந்நாட்டு எல்லைக்கு அப்பாலும் கவனிக்கப்படுகிறது.

முதல் முன்னுரிமை: வாரிசுரிமை

பேச்சுக்கு முன்பாகவே செயலில் வெளிப்பட்ட முன்னுரிமை இது. மன்னராகப் பொறுப்பேற்ற அன்றே, தம் தம்பி முக்ரினைப் பட்டத்து இளவரசராக சல்மான் உறுதி செய்தார். உள்துறை அமைச்சர் முகமது பின் நயீஃப், துணைப் பட்டத்து இளவரசராக அறிவிக்கப்பட்டார். அப்துல் அஜீஸின் பேரன்களின் தலைமுறையிலிருந்து வாரிசு வரிசையில் இடம்பெறும் முதல் நபர் இவர்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அரியணை அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்ற முறையில் சென்று வந்தது. மகன்கள் அனைவரும் முதுமை அடைந்துவிட்ட நிலையில், அடுத்த தலைமுறையில் எந்தக் கிளைக்கு ஆட்சி செல்லும் என்பது பல ஆண்டுகளாக நீடித்த கேள்வி. அதற்கு முதல் நாளிலேயே விடையளித்ததன் மூலம், குடும்பத்துக்குள் பூசல் எழும் என்ற ஊகங்களுக்கு அவர் இடமளிக்கவில்லை.

அதே நாளில், சுமார் 30 வயதே ஆன தம் மகன் முகமது பின் சல்மானைப் பாதுகாப்பு அமைச்சராகவும் அரசவைத் தலைவராகவும் அவர் நியமித்தார். ஜனவரி 29-இல் அடுக்கடுக்காக வெளியான அரசாணைகள் பன்னிரண்டு உயர்நிலைக் குழுக்களைக் கலைத்தன. அவற்றுக்குப் பதிலாக இரண்டு கவுன்சில்கள் உருவாக்கப்பட்டன. அரசியல் மற்றும் பாதுகாப்பு விவகாரங்களுக்கான கவுன்சிலுக்கு முகமது பின் நயீஃபும், பொருளாதாரம் மற்றும் மேம்பாட்டு விவகாரங்களுக்கான கவுன்சிலுக்கு முகமது பின் சல்மானும் தலைமை வகிக்கின்றனர். நிர்வாகத்தின் இரு கடிவாளங்களும் இளைய தலைமுறையின் கைகளுக்கு வந்திருப்பதை இது காட்டுகிறது. அதேவேளை, எண்ணெய்த் துறை அமைச்சர் அலி அல்-நுஐமியும் வெளியுறவு அமைச்சர் சவூத் அல்-பைசலும் பதவியில் தொடர்கின்றனர். எண்ணெய்க் கொள்கையில் உடனடி மாற்றம் இல்லை என்பதே இதன் பொருள்.

இரண்டாவது: ஒற்றுமையும் பாதுகாப்பும்

குடிமக்களுக்கு இடையிலோ பகுதிகளுக்கு இடையிலோ பாகுபாடு இல்லை என்றும், சமூகத்தைப் பிளவுபடுத்தும் காரணங்கள் களையப்படும் என்றும் மன்னர் தம் உரையில் குறிப்பிட்டார். இச்சொற்களுக்குப் பின்னணி உண்டு. சவூதியின் ஷியா சிறுபான்மையினர் பெரும்பாலும் எண்ணெய் வளம் மிக்க கிழக்கு மாகாணத்தில் வாழ்கின்றனர். கடந்த நவம்பரில் அம்மாகாணத்தின் அல்-அஹ்ஸா பகுதியில் ஷியா மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். கடந்த ஜனவரி தொடக்கத்தில், இராக் எல்லையில் நடந்த தாக்குதலில் எல்லைக் காவல் படையின் உயரதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார்.

தெற்கே யேமனில் நிலைமை இன்னும் கடுமையாக உள்ளது. தலைநகர் சனாவைக் கடந்த செப்டம்பரில் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் கைப்பற்றினர். சல்மான் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய நாள், யேமன் அதிபர் ஹாதி பதவி விலகல் கடிதம் அளித்தார். பின்னர் சனாவிலிருந்து தப்பி ஏடன் சென்ற அவர், தாமே சட்டப்படியான அதிபர் என்று அறிவித்துள்ளார். ஹவுதிகளுக்கு ஈரானின் ஆதரவு இருப்பதாக சவூதி கருதுகிறது. அதே ஈரானுடன் அணுசக்தி உடன்பாடு காண அமெரிக்கா உள்ளிட்ட ஆறு வல்லரசுகள் முயன்று வருவது ரியாத்தின் கவலையைக் கூட்டியுள்ளது.

நமது குடியரசு தின விழாவில் சிறப்பு விருந்தினராகப் பங்கேற்ற அமெரிக்க அதிபர் ஒபாமா, தாஜ்மஹால் பயணத்தைக் கைவிட்டு, ஜனவரி 27-இல் தில்லியிலிருந்து நேரே ரியாத் சென்றதை நினைவில் கொண்டால், அந்நாட்டின் ஆட்சி மாற்றத்துக்கு வாஷிங்டன் அளிக்கும் முக்கியத்துவம் புரியும்.

வெளியுறவைப் பொறுத்தவரை, ஜெரூசலேத்தைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீன நாடு அமைவதற்கான ஆதரவையும், பயங்கரவாதத்துக்கு எதிரான நிலைப்பாட்டையும் மன்னர் மீண்டும் உறுதிப்படுத்தினார். முந்தைய மன்னர்களின் வழியே தொடரும் என்பது அவர் உரையின் தொனி.

மூன்றாவது: வேலை, வீடு, பொருளாதாரம்

உண்மையான சோதனை இங்குதான் உள்ளது. கடந்த ஆண்டு ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலர் வரை சென்ற பிரென்ட் கச்சா எண்ணெய் விலை, இவ்வாண்டு ஜனவரியில் 50 டாலருக்கும் கீழே இறங்கியது. நவம்பர் 27-இல் வியன்னாவில் கூடிய ஒபெக் அமைப்பு உற்பத்தியைக் குறைக்க மறுத்தது. தாம் குறைத்தால் அமெரிக்காவின் ஷேல் எண்ணெய் உற்பத்தியாளர்கள் சந்தையைப் பிடித்துக்கொள்வர் என்பது சவூதியின் கணக்கு.

இதன் விளைவு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் தெரிகிறது. நடப்பு 2015-ஆம் ஆண்டுக்கு 86,000 கோடி ரியால் செலவும், 71,500 கோடி ரியால் வரவும் மதிப்பிடப்பட்டுள்ளன. பற்றாக்குறை 14,500 கோடி ரியால். இதை ஈடுகட்ட 70,000 கோடி டாலருக்கும் அதிகமான அந்நியச் செலாவணிக் கையிருப்பு அந்நாட்டிடம் உள்ளது. எனவே உடனடி நெருக்கடி இல்லை. ஆனால், கையிருப்பு என்பது கரையக்கூடியது.

இந்நிலையிலும் ஜனவரி 29-இல் அரசு ஊழியர்களுக்கு இரண்டு மாத ஊதியத்தை ஊக்கத்தொகையாக மன்னர் அறிவித்தார். ஓய்வூதியர்களும் அரசு உதவித்தொகை பெறும் மாணவர்களும் பயனடைந்தனர். மின்சாரம், குடிநீர்ப் பணிகளுக்கு 2,000 கோடி ரியால் ஒதுக்கப்பட்டது. புதிய மன்னர் மக்களுக்குக் கொடை வழங்குவது அந்நாட்டின் மரபு. குடிமக்களிடம் வருமான வரி வசூலிக்காத அரசு, எண்ணெய்ச் செல்வத்தைப் பகிர்வதன் மூலமே அவர்களது ஆதரவைப் பேணி வருகிறது. அதனால், வருவாய் குறையும்போதும் கையைச் சுருக்குவது எளிதாக இருப்பதில்லை.

எண்ணெய் விலைச் சரிவின் தாக்கத்தை மன்னர் மறைக்கவில்லை. ஆயினும் வளர்ச்சித் திட்டங்கள் தொடரும் என்றும், பல்வகை வருவாய் ஆதாரங்களைக் கொண்ட வலுவான பொருளாதாரம் கட்டமைக்கப்படும் என்றும் அவர் உறுதியளித்தார். வீட்டுவசதிக்குத் தீர்வு காணப்படும் என்றார். 2011-இல் மன்னர் அப்துல்லா 25,000 கோடி ரியாலில் ஐந்து லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தபோதும், பணிகள் மந்தமாகவே நடந்தன. செவ்வாய்க்கிழமை உரையை அடுத்து வீட்டுவசதி அமைச்சர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது, இவ்விஷயத்தில் பொறுமை தீர்ந்து வருவதைக் காட்டுகிறது.

மக்களின் குறைகளை நேரில் கேட்டறியுமாறு மாகாண ஆளுநர்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று உள்துறை அமைச்சருக்கு அவர் உத்தரவிட்டார். ஊழலைத் தடுக்கக் கண்காணிப்பு அமைப்புகளின் விதிகள் மறுஆய்வு செய்யப்படும் என்றும் தெரிவித்தார்.

இந்தியர்களுக்கு என்ன பொருள்?

சவூதி இளைஞர்களுக்குத் தனியார் துறையில் வேலை என்ற வாக்குறுதியை இந்தியா கூர்ந்து கவனிக்க வேண்டியுள்ளது. சுமார் மூன்று கோடி மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டவர். தனியார் துறைப் பணியிடங்களில் பெரும்பாலானவை இவர்களிடமே உள்ளன. மறுபுறம், சவூதி குடிமக்களிடையே வேலையின்மை சுமார் 12 சதவீதம். ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் இளைஞர்கள் அனைவரையும் அரசுப் பணியில் அமர்த்த இயலாது.

இதற்காகவே 2011-இல் ‘நிதாகத்’ திட்டம் கொண்டுவரப்பட்டது. உள்நாட்டினரைப் பணியமர்த்தும் விகிதத்தைப் பொறுத்து நிறுவனங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்தப்படுகின்றன. சிவப்பு வகையில் உள்ள நிறுவனங்கள் வெளிநாட்டவரின் விசாவைப் புதுப்பிக்க இயலாது. 2013-இல் விதிமீறல் குடியேறிகளுக்கு அளிக்கப்பட்ட பொதுமன்னிப்புக் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாயகம் திரும்பினர். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் குடும்பங்கள் அதன் பாதிப்பை உணர்ந்தன.

புதிய மன்னரின் உரை அந்தத் திசையில் வேகம் கூடலாம் என்பதையே காட்டுகிறது. கட்டுமானத் தொழிலாளர்கள், ஓட்டுநர்கள், தூய்மைப் பணியாளர்கள் செய்யும் வேலைகளுக்கு சவூதி இளைஞர்கள் உடனே வருவர் என்று எதிர்பார்க்க முடியாது. கடை விற்பனை, அலுவலகப் பணி, கணக்கர், மேற்பார்வையாளர் போன்ற இடைநிலைப் பணிகளில் இருப்போருக்கே போட்டி முதலில் எழும். அரசின் கட்டுமானச் செலவு குறைந்தால், முதல் பிரிவினரும் தப்ப முடியாது.

எண்ணெய் விலைச் சரிவு இந்தியாவுக்கு இருமுனை கொண்டது. நாம் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சவூதியிலிருந்து வருகிறது. விலை குறைவதால் நாட்டின் இறக்குமதிச் செலவு குறைகிறது. அதே காரணத்தால் வளைகுடாவில் உழைப்பவரின் வேலையும், அவர் ஊருக்கு அனுப்பும் பணமும் ஆட்டம் காணலாம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. பட்டத்து இளவரசராக இருந்தபோது கடந்த ஆண்டு பிப்ரவரியில் சல்மான் இந்தியா வந்தார். அப்போது பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முந்தைய மாதம், வீட்டுப் பணியாளர்களின் நலன் காக்கும் ஒப்பந்தத்தை இரு நாடுகளும் செய்துகொண்டன. ஹஜ் பயணிகளுக்கான எதிர்பார்ப்பும் உள்ளது. மக்கா பெரிய பள்ளிவாசலின் விரிவாக்கப் பணிக்காக 2013 முதல் எல்லா நாடுகளின் ஒதுக்கீடும் 20 சதவீதம் குறைக்கப்பட்டதால், இந்தியாவின் பங்கு 1,70,025-லிருந்து 1,36,020 ஆகக் குறைந்தது. பணிகள் நிறைவடைந்து பழைய எண்ணிக்கை திரும்புமா என்று பல்லாயிரம் விண்ணப்பதாரர்கள் காத்திருக்கின்றனர்.

இனி கவனிக்க வேண்டியவை

மன்னர் சல்மானின் வாக்குறுதிகளான பாதுகாப்பு, வேலை, வீடு ஆகிய அனைத்துக்கும் பணம் தேவை. அந்தப் பணத்தின் ஊற்றுக்கண்ணோ எண்ணெய். விலை விரைவில் மீண்டால் வாக்குறுதிகளை நிறைவேற்றுவது எளிதாகும். மீளாவிட்டால், மானியங்களைக் குறைப்பதா, கையிருப்பைக் கரைப்பதா, வெளிநாட்டுத் தொழிலாளர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதா என்று அவர் தேர்வு செய்ய நேரிடும். முதலாவது, சொந்தக் குடிமக்களின் அதிருப்தியைச் சம்பாதிக்கும். மூன்றாவதை எதிர்த்துக் குரல் எழுப்ப வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அந்நாட்டில் வாக்குரிமை இல்லை. பாதிக்கப்படுவோருக்கு அங்கு குடியுரிமையும் இல்லை.

வரும் ஜூன் மாதம் நடைபெறவுள்ள ஒபெக் கூட்டம், யேமன் நிலவரம், புதிய பொருளாதார கவுன்சிலின் முதல் நடவடிக்கைகள் ஆகிய மூன்றும் புதிய ஆட்சியின் பாதையை உணர்த்தும். அதுவரை, ரியாத்திலும் ஜித்தாவிலும் தம்மாமிலும் பணிபுரியும் நம்மவர்கள் தங்கள் இகாமா எனப்படும் குடியிருப்பு அனுமதியின் காலாவதித் தேதியையும், தாங்கள் பணியாற்றும் நிறுவனம் நிதாகத்தில் எந்த வண்ணத்தில் உள்ளது என்பதையும் சரிபார்த்து வைத்துக்கொள்வது நல்லது.