கை நழுவாத துப்பாக்கிக் கட்டை

துப்பாக்கி என்றதும் எல்லோருடைய கண்ணும் அதன் இரும்புக் குழலின் மீதுதான் செல்லும். குழலைத் தாங்கி நிற்கும் கட்டையைக் கவனிப்பவர் சிலரே. ஆனால் சுடுகிறவனின் தோளும் கன்னமும் கைகளும் பதிவது அந்தக் கட்டையில்தான். கை சற்று நழுவினால் குறி தவறிவிடும். ஒரு பாகையை 60 பங்காக்கி, அதில் ஒரு பங்கு துப்பாக்கி திரும்பினாலே போதும். 600 கஜத்துக்கு அப்பால் குண்டு 6 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும்!

அக்ரூட் மரத்தின் காலம்

நெடுங்காலமாக ரைபிள் கட்டைகளுக்கு அக்ரூட் மரமே சிறந்தது என்று கருதப்பட்டு வந்தது. உறுதியான மரம், இழைக்க இழைக்க வழவழப்பு ஏறும். அந்த வழவழப்பே வியர்த்த கைக்கு விரோதி. ஆகவே கைதேர்ந்த தொழிலாளர்கள், கை பிடிக்கும் இடங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளைக் கீறி, வைர வடிவில் சின்னஞ்சிறு முனைகளை எழுப்பினார்கள். அங்குலத்துக்கு 18 முதல் 24 கோடுகள் வரை கீறுவது வழக்கம். ஒரு கோடு பிசகினாலும் வேலையின் அழகே கெட்டுவிடும்.

வியட்நாம் கற்பித்த பாடம்

1966-ல் அமெரிக்க மரைன் படை, மறைந்திருந்து சுடும் வீரர்களுக்காக எம்-40 என்ற ரைபிளை ஏற்றுக்கொண்டது. அதன் கட்டையும் மரத்தாலானதே. வியட்நாமின் மழையும் புழுக்கமும் அதைச் சும்மா விடவில்லை. ஈரத்தை உறிஞ்சிய மரம் உப்பியது. வளைந்து குழலை அழுத்தியது. சரிபார்த்து வைத்த குறி விலகிப்போயிற்று. உயிரைப் பணயம் வைத்துக் காத்திருப்பவனுக்கு இது சாமானியமான குறையா?

1970-களில் அந்த ரைபிள் திருத்தி அமைக்கப்பட்டு, எம்-40ஏ1 என்ற பெயரில் கண்ணாடியிழைக் கட்டையுடன் வந்தது. கண்ணாடியிழை மரத்தைப் போல் ஈரத்தில் உப்புவதில்லை. ஆனால் ஒரு புதுத் தொல்லை: மெருகிட்ட கண்ணாடியிழை, மழையில் நனைந்தால் கையில் வழுக்கும். மரத்தைப் போல ஆழக் கீறலாம் என்றாலோ, உள்ளே இருக்கும் இழைகள் அறுபடும். கீற முடியாத இடத்தில் மேலே பூசலாம் அல்லவா? அதற்குக் கைகொடுத்தது எபாக்ஸி என்னும் பிசின்.

இரு குழாய்ப் பசை

உடைந்த பொருள்களை ஒட்ட வீடுகளில் உபயோகிக்கும் அரால்டைட் பசை எபாக்ஸி இனத்தைச் சேர்ந்ததே. ஒரு குழாயில் பிசின். மற்றதில் அதை இறுகச் செய்யும் பொருள். இரண்டும் கலந்தால் கல்லாகும்.

அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்ப்போர் மட்டுமின்றி, சொந்தமாக ரைபிள் வைத்திருப்போரும் இந்த வேலையைச் செய்துகொள்கிறார்கள். முதலில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலையும் இயந்திரத்தையும் கட்டையிலிருந்து கழற்றிவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உப்புக் காகிதத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான பரப்பில் பூச்சு நிலைக்காது. பூச வேண்டிய இடத்தைச் சுற்றி நாடா ஒட்டிக்கொண்டு, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியை மெல்லியதாகத் தடவ வேண்டும். பிறகு பஞ்சினாலோ பிரஷ்ஷினாலோ ஒற்றி ஒற்றி எடுத்தால், சிறு சிறு முனைகள் எழும்பி நிற்கும். முற்றும் இறுகுமுன் நாடாவை உரித்துவிட வேண்டும். நன்றாக இறுகியபின், கையைக் கிழிக்கும் கூர்முனைகளை மட்டும் தேய்த்து மழுக்கி வர்ணம் பூசுவார்கள்.

அவசரம் கூடாது

கலவையின் அளவு பிசகினால், எத்தனை நாள் காத்திருந்தாலும் பூச்சு பிசுபிசுத்துக்கொண்டேதான் இருக்கும். இறுகாத எபாக்ஸி தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும், கையுறை அவசியம். தேய்க்கும்போது எழும் தூசியும் மூச்சில் போகக்கூடாது. உருக்கி வார்த்த சில பிளாஸ்டிக் கட்டைகளில் எபாக்ஸி சரியாக ஒட்டாது. முதலில் வெளியே தெரியாத ஓரிடத்தில் பூசிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

குழலைக் கடைவதற்கு நுட்பமான இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் கொட்டும் மழையில் அந்தக் குழல் அசையாமல் நிற்பது, கையின் கீழே இருக்கும் ஒரு மெல்லிய சொரசொரப்பை நம்பித்தான்!