மனிதர்களே திரையான மேடை

துயர நாடகத்தின் தொடக்கத்தில் உருவகம் பெரும்பாலும் வசனத்தில்தான் இருக்கும். விஜய் தெண்டுல்கரின் மராத்தி நாடகம் ‘காசிராம் கோத்வால்’ அதை மனித உடல்களைக் கொண்டே சொன்னது. பன்னிரண்டு பிராமணர்கள் வரிசையாக நின்று, விநாயகரைத் துதித்துப் பாடி அசைகிறார்கள். அந்த வரிசைதான் மேடையின் திரை! பிறகு, பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னவீஸ் காலத்துப் புனேயில் நடக்கும் அக்கிரமங்களை மறைப்பதும் அதே மனிதச்சுவர். விலகி நின்று காட்டுவதும் அதுவே. பக்தியின் பின்னால் ஒளிந்துகொள்ளும் அதிகாரத்தை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன தொடக்கம் இந்திய மேடையில் அரிது. நகரின் கோத்வாலாக, அதாவது காவல் தலைவனாக, ஆகும் காசிராம் இறுதியில் ஊராரின் கோபத்துக்கே பலியாகிறான். ஜப்பார் படேல் இயக்கத்தில், பாஸ்கர் சந்தாவர்க்கர் இசையில், 1972 டிசம்பர் 16 அன்று புனே பரத் நாட்ய மந்திர் அரங்கில் இந்த நாடகம் அரங்கேறியது.