காரகிலும் அம்பரும்: வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

அண்மை ஆண்டுகளில் நம்மவர் இல்லத் திருமணங்களில் ஒரு புதிய மணம் வீசுவதை வாசகர்கள் கவனித்திருக்கக்கூடும். மல்லிகையும் சந்தனமும் பன்னீரும் இருந்த இடத்தில், கனத்த, இருண்ட, சற்றே புகை கலந்த வாசனை ஒன்று வந்து அமர்ந்திருக்கின்றது. மாப்பிள்ளைத் தோழரைக் கேட்டால் 'ஊத்' என்பார். குப்பியின் மீது 'ஊத் அம்பர்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கும். வளைகுடா நாடொன்றில் உழைக்கும் உறவினர் அனுப்பியதாக அது இருக்கும். அல்லது ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியதாக இருக்கும். இத்துணைப் பொருள் செலவிட்டுப் பூசிக்கொள்ளும் இது யாது, எங்கிருந்து வருகின்றது, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்று நம் குடும்பங்களில் பலர் வினவுகின்றனர். குறிப்பாக, யாங்கோனின் அலோன் பகுதியில் வாழ்ந்து பெயர்ந்த குடும்பங்களுக்கு இவ்வினாவில் தனியானதொரு பொருத்தம் உண்டு. அது என்ன என்பதைப் போகப்போகச் சொல்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஊத் என்பது அரபுச் சொல். மரம் என்பதே அதன் நேர்ப்பொருள். நாம் நாள்தோறும் பூசையறையில் ஏற்றும் ஊதுவத்தியின் முன்பாதி இதுவே. வாயால் ஊதுவதால் அப்பெயர் வந்தது என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பர். அரபியர் ஊத் என்பதைத் தமிழர் அகில் என்றனர். சங்க மகளிர் நீராடிய கூந்தலை அகிற்புகையில் உலர்த்திய செய்தியைப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கீழ்க்கடல் வழியே மரக்கலங்களில் அகிலும் கருப்பூரமும் வந்திறங்கியதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. இச்சொல்லைக் கேரளக் கரையில் கேட்ட போர்த்துக்கீசியர் தம் வாய்க்கு ஏற்ப 'ஆகுயிலா' ஆக்கினர். அது அவர்கள் மொழியில் கழுகைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒன்றிவிடவே, ஆங்கிலேயர் அதனைக் 'கழுகு மரம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டனர். மரத்துக்கும் கழுகுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆக, துபாயிலிருந்து குப்பியில் வரும் புதுமை நம் பாட்டிமாரின் கூந்தற்புகையேயன்றி வேறில்லை.

அகில் மரம் நலமாக இருக்கும்வரை அதற்கு மணமே இல்லை. உள்கட்டை வெளிறி, இலேசாக இருக்கும். துளைக்கும் புழுவோ, இடியோ, கோடரியோ மரத்தைக் காயப்படுத்தி, அக்காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்த பின்னரே மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கின்றது. ஆண்டுகள் பல செல்ல, அப்பிசின் ஊறிய பகுதி கருத்துக் கனத்து, நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குச் செறிவடைகின்றது. நம் முன்னோர் காரகில் என்றது இதனையே. (இதனை அகதி வாழ்வுக்கு உவமையாக்கிப் பேசும் மேடைப் பேச்சாளர்கள் உள்ளனர். நாம் அவ்வழியிற் செல்லவில்லை.) எந்த மரத்தில் பிசின் உண்டு, எதில் இல்லை என்பது வெளியில் எளிதில் தெரியாது. ஆகவே தேடிச் சென்றவர்கள் நின்ற மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தனர். காட்டு அகில் இன்று அழிவின் விளிம்பில் நிற்பதற்கு இதுவே முதற்காரணம்.

பர்மியர் இம்மரத்தைத் 'தித்மொய்' என்றும், பிசின் ஏறிய கட்டையை 'அச்சோ' என்றும் வழங்குவர். வடக்கே கச்சின் மாநிலக் காடுகளிலும் தெற்கே தெனாசரிம் பகுதியிலும் இது கிடைத்துவந்தது. அலோன், யாங்கோன் நகரின் மேற்கு ஓரத்தில், லம்மடோவுக்கும் கெம்மண்டைனுக்கும் நடுவே ஆற்றங்கரையில் அமைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இங்கும் கிழக்கே புசுண்டாங்கிலும் பெரும் மரக்கிடங்குகளும் அறுப்பாலைகளும் இருந்தன. யானைகள் தேக்குக் கட்டைகளை அடுக்கியதைக் காண வெள்ளைக்காரப் பயணிகள் வண்டி கட்டிக்கொண்டு வருவர். துறைமுகத்திலும் ஆலைகளிலும் தோள்கொடுத்தவர்களுள் தெலுங்கரும் தமிழரும் மிகப் பலர். தேக்கு தெப்பமாகக் கட்டப்பட்டு ஆற்றில் மிதந்துவந்தது. அகிலோ கைச்சுமையாகவும் மூட்டையாகவும் வந்த அரிய பண்டம். இன்று அதே அலோன் கரையில் கொள்கலன் துறைமுகம் நிற்கின்றது. காட்டிலிருந்து கட்டையாகப் போனது வேற்றுநாட்டுப் பெயர் தாங்கிய பளபளக்கும் குப்பியாகக் கரைக்குத் திரும்பி வருதலும் கூடும்.

அலோனுக்கு இடப்பெயர்வும் புதிதன்று. 1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த கரேன் மக்களின் குடியிருப்பு தீக்கிரையாக்கப்பட்டது.

இனி அம்பருக்கு வருவோம். இச்சொல் ஒன்று, இது குறிக்கும் பொருள்கள் மூன்று. கடையில் ஏமாறுவோர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகின்றனர். முதலாவது, பெருந்தலைத் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து கரையொதுங்கும் அம்பர். நம் சித்த மருத்துவ நூல்கள் பேசுவது இதனையே. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதனை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். தமிழகக் கடற்கரையோரங்களில் இதன் பொருட்டுச் சிறை சென்றோர் பலர். இரண்டாவது, தொல்பழங்கால மரப்பிசின் மண்ணுக்குள் கல்லாகிப் பொன்னிறம் பெற்ற அம்பர். பர்மியர் 'பயின்' என்பர். யாங்கோனில் போஜோ சந்தையில் மணிமாலையாகத் தொங்குவது இது. இதில் பூசிக்கொள்ளத்தக்க மணம் ஏதும் இல்லை. மூன்றாவதே குப்பிக்குள் இருப்பது: மத்தியதரைக்கடற் பகுதிச் செடியொன்றின் பிசினோடு சாம்பிராணியும் வனிலாவும் சேர்த்துச் சமைத்த இனிய கலவை. அது எந்தத் திமிங்கிலத்திலிருந்தும் வரவில்லை. எந்தச் சுரங்கத்திலிருந்தும் வரவில்லை. திமிங்கில அம்பரின் மணமும்கூட இன்று செடிச்சத்திலிருந்து ஆய்வகத்தில் செய்யப்படுகின்றது. 'அசல் பர்மா அம்பர் கலந்தது' என்று கடைக்காரர் கூறினால், புன்னகைத்துவிட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

ஆனால் அந்தப் பர்மா அம்பர் தோண்டப்படும் இடம் நம் கதையில் வந்தே தீரவேண்டிய இடம். கச்சின் மாநிலத்து ஹூகாங் பள்ளத்தாக்கு அது. ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பூச்சிகளும் இறகுகளும் அங்குள்ள அம்பருக்குள் உருக்குலையாமல் கிடைக்கின்றன. அகில் வளர்ந்த காடும் அதே பள்ளத்தாக்கே. 2017 சூன் மாதத்தில் தனாய் நகரப்பகுதியில் உள்ள அம்பர், பொன் சுரங்கப் பகுதிகளைவிட்டு வெளியேறுமாறு இராணுவம் வானிலிருந்து துண்டறிக்கைகளை வீசியது. ஆயிரக்கணக்கானோர் தேவாலயங்களிலும் முகாம்களிலும் தஞ்சம் புகுந்தனர்.

அப்பள்ளத்தாக்கின் வழியே நம்மவரும் சென்றனர். 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன்மீது சப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8 அன்று நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான கணக்கு, தரைவழியே இந்தியாவை நோக்கி நடந்தனர். அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்குச் சென்றோர் ஒரு பகுதி. தாமு வழியாக மணிப்பூருக்குச் சென்றோர் ஒரு பகுதி. மிச்சினாவிலிருந்து வானூர்தி ஏறலாம் என்று வடக்கே போனவர்கள், அவ்வூரும் மே மாதம் சப்பானியர் கைக்குப் போய்விடவே, ஹூகாங் பள்ளத்தாக்கில் இறங்கி, பங்சாவ் கணவாயைக் கடந்து அசாமின் லேடோவை அடைய முயன்றனர். பருவமழை தொடங்கிவிட்டது. முழங்கால்வரை சேறு, அட்டை, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி. வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அக்கூட்டத்தில் இரங்கூன் மரஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்த குடும்பங்களும் இருந்தன. உலகின் விலையுயர்ந்த மணமரம் நின்ற காட்டின் நடுவே, கூரைக்கு ஓர் இலையின்றி அவர்கள் கிடந்தனர். அலோன் குடும்பங்களுக்கு இவ்வினாவில் தனிப் பொருத்தம் உண்டு என்று மேலே கூறியது இதன்பொருட்டே. அகிலும் அம்பரும் என்ற இரு சொற்களைக் கேட்டால் நமக்குத் துபாய் நினைவுக்கு வருவதில் தவறில்லை, ஹூகாங்கும் வரட்டும்.

ஆதலின் ஊத் பூசுவதே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்குவோர் எங்கு விளைந்தது என்று கேட்கவேண்டும் என்பதே நம் கருத்து. இன்று அசாமிலும் தாய்லாந்திலும் மலேசியாவிலும் வியட்நாமிலும் தோட்டங்களில் அகில் பயிரிட்டு, மரத்தில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்திப் பிசின் உண்டாக்குகின்றனர். அசாமின் ஹோஜாய் நகரம் இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து புறப்பட்ட குடும்பமொன்று 1951-இல் பம்பாயில் தொடங்கிய அஜ்மல் நிறுவனம் இன்று வளைகுடாவெங்கும் அறியப்பட்டது. தோட்ட அகில் காட்டு அகிலின் ஆழத்தை எட்டாது என்பர் பழகியோர். நம் மூக்குகளுக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

தேர்வு செய்யும் முறை: அத்தர் கடையில் பொருளைத் தோலாக் கணக்கில் விற்பர். ஒரு தோலா 11.66 கிராம். அதில் கால் பங்கே ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு காணும். ஒரே வேளையில் மூன்று வகைக்கு மேல் முகர வேண்டாம். அதன்பின் மூக்கு பொய் சொல்லும். காகிதத் துண்டில் முகர்ந்து முடிவு செய்யாமல், மணிக்கட்டில் ஒரு புள்ளி இட்டு, தேய்க்காமல், கடையைவிட்டு வெளியேறி அரைமணி நேரமாவது உலாவி வாருங்கள். அசல் அகில் எண்ணெய் முதற்கணத்தில் மாட்டுத்தொழுவ வாடை வீசினாலும் அஞ்ச வேண்டாம். கட்டையை நாட்கணக்கில் நீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பதால் வரும் வாடை அது. சிறிது நேரத்தில் அடங்கி, தோலும் தேனும் புகையும் கலந்த இனிமை மேலெழும். முதல் முகர்விலிருந்து மறுநாள்வரை ஒரே சீராகக் கூர்மையாக வீசுவது பெரும்பாலும் ஆய்வகச் சரக்கு. அது குற்றமன்று, அந்த விலைக்கே விற்றால் வாங்கலாம். நாம் சினப்பது, ஆய்வகச் சரக்கை அசலின் விலைக்குத் திருமண அவசரத்தில் இருக்கும் ஏழைத் தந்தையின் தலையில் கட்டுவோரை நினைத்தே.

புகைக்கும் கட்டை வாங்குவோர் ஒரு சில்லைப் பிளந்து பார்க்கட்டும். கரிய இழைகள் உள்ளேயும் ஓடினால் நன்று. மேலே கருமையும் உள்ளே வெறும் வெள்ளையும் என்றால் சாயம் ஏற்றிய கட்டை. தணலில் இட்டால் கண்ணைக் கரிக்கும். நீரில் மூழ்குவது நல்ல அடையாளம் என்றாலும், எடைக்காக ஈயம் செருகும் கைவேலையும் உண்டு. மணிமாலை வைத்திருப்போர், தண்ணீரில் உப்பைக் கரையுமட்டும் கரைத்து அதில் இட்டுப் பார்க்கலாம்: அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பலவகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும்.

பூசுவதில் குறைவே நிறைவு. யாங்கோனின் புழுக்கத்தில் காதுமடலின் பின்னே ஒரு புள்ளி போதும். வியர்வையும் ஈரக்காற்றும் அதனை மும்மடங்காக்கிவிடும். சோலியா முஸ்லிம் பெரியவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அத்தர் தொட்ட பஞ்சைக் காதுக்குழியில் வைத்துச் செல்வது அளவறிந்த வழக்கம். குளிர்நாடுகளில் குடியேறியோர் மணிக்கட்டிலும் கழுத்திலும் இடலாம். கம்பளி உடையில் மணம் நாட்கணக்கில் நிற்கும். வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை படியும்; போகாது. முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது இட்டு ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். தனக்கா பூசிய கன்னத்தில் ஊத் வேண்டாம்; இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். கைக்குழந்தை உள்ள அறை, ஈளை நோயாளி இருக்கும் வீடு, மருத்துவமனை, பள்ளி, நேர்காணல் இவ்விடங்களுக்குக் குப்பியைத் திறக்காமலே செல்லுங்கள். முகாம் அறைகளில் மூன்று குடும்பத்துக்கு ஒரு சன்னல் இருக்கும் நிலையில் ஒருவர் மணம் மற்றவருக்குத் தலைவலியாகும்.

இறுதியாக, எல்லை கடப்போருக்கு. 'ஊருக்குத்தானே போகிறீர்கள், இந்தக் கட்டையைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள்' என்று யார் கேட்டாலும் எண்ணிப் பாருங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் மலாக்கா அகில் 1995 முதலும், அவ்வினம் முழுவதும் 2005 முதலும் இடம்பெற்றுள்ளன. மியான்மர் 1997-இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. சொந்தப் பயனுக்கு ஆளுக்கு 1 கிலோ கட்டை, 24 மில்லிலிட்டர் எண்ணெய் என்ற அளவில் சலுகை உண்டு. எனினும் தத்தம் சட்டத்தால் இதனினும் இறுக்கும் நாடுகளும் இருக்கக்கூடும். கடவுச்சீட்டே இல்லாமல் தற்காலிகப் பத்திரத்தில் பயணிப்பவர், பிறர் கட்டையின் பொருட்டுச் சுங்க அதிகாரிமுன் நிற்கும் நிலை வேண்டாம். கடையில் முத்திரையிட்ட சிறு குப்பியும் அதற்கான பற்றுச்சீட்டும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். திமிங்கில அம்பரை எவ்வடிவிலும் தொடாதீர்கள்.

வீட்டில் குப்பியை ஒளிபடாத பெட்டியில், மூடியை இறுக்கி, நிமிர்த்தி வைத்தால் அகில் எண்ணெய் பல்லாண்டு கெடாது. குளிரில் உறைந்தாற்போல் தடித்துவிட்டால் அடுப்பருகே கொண்டுபோகாமல், உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருங்கள், இளகிவிடும்.