சுராங்கனி வந்த வழி

நம் சங்கத்து விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கினாலும் பெரும்பாலும் 'சுராங்கனி'யில்தான் முடிகின்றன. மீன் கொண்டு வந்த சேதியைச் சொல்லும் அந்தப் பாட்டுக்குக் கைதட்டாத கொழிஞ்சாம்பாறைக்காரர் உண்டா? சென்ற விழாவில் என் பேரன் கேட்டான்: "தாத்தா, இது தமிழ்ப் பாட்டா, சிங்களப் பாட்டா?" "ரெண்டும்தான்டா" என்றேன். அது பாதி விடைதான் என்று பிறகு தோன்றியது.

இலங்கைத் தமிழரான ஏ.ஈ. மனோகரன், 'பொப் இசைச் சக்கரவர்த்தி' எனப் புகழ் பெற்றவர், 1970களில் சிங்களமும் தமிழும் கலந்து பாடிப் பரப்பிய பாட்டு இது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இதைத் தந்தபோது நான் பாலிடெக்னிக் மாணவன். விடுதியில் தகர டிரங்குப் பெட்டிதான் எங்கள் மேளம். மனோகரன் 2018-ல் சென்னையில் மறைந்தார்.

இந்தப் பாட்டின் வகைக்குப் 'பைலா' என்று பெயர். நடனமாடுவதைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. 1505-ல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியரும், பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும், ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் அங்கே கொண்டு வந்தார்கள். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கீசிய மெட்டும் கலந்து 'கபிரிஞ்ஞா' என்ற ஆட்டப்பாட்டு உருவாயிற்று. 1940களில் வாலி பாஸ்டியன் என்ற காவல்துறைக்காரர் இந்த இசையில் சிங்களச் சொற்களை இட்டுப் பாட, பைலா நாடெங்கும் பரவியது. ஆறு தட்டுகளாக உருண்டோடும் தாளம் அது. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ஓசையிலேயே உத்தியோக காலத்தைக் கழித்த என் காலும் அதற்குச் சும்மா இருப்பதில்லை.

அந்த ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் சிலர் இன்றும் புத்தளம் பகுதியில் வாழ்கிறார்கள். முன்னோர் பேசிய ஆப்பிரிக்க மொழிகள் அவர்களிடம் இல்லை. பெரும்பாலோர் பேசுவது சிங்களம். ஆனால் மேளத்தைத் தொட்டால் பழைய தாளம் வந்துவிடுகிறது.

அன்பர்களே, கடையிலும் கச்சேரியிலும் மலையாளம், வீட்டுக்குள் தமிழ் என்று வாழும் நமக்கு இதில் ஒரு சேதி உண்டு. அவர்களைக் கட்டிக் கொண்டு வந்தார்கள். மொழியைக் காக்க வழியில்லை. நம்மை யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் நன்றாக மலையாளம் படிக்கட்டும். இரவில் அரைமணி நேரம் தமிழும் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். என் பேரனுக்கு முழு விடையையும் சொல்லிவிட்டேன். இதை அவனே வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதியும் வைத்தேன்.