பழைய மடிக்கணினிக்குப் புதிய வேகம்

உங்கள் அண்ணனோ அக்காளோ பள்ளியில் படித்தபோது பெற்ற மடிக்கணினி ஒன்று வீட்டு அலமாரியில் உறங்கிக் கொண்டிருக்கிறதா? தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. அவ்வாறு வந்த கணினிகளும், பெற்றோர் தவணை கட்டி வாங்கித் தந்த கணினிகளும் இன்று பல வீடுகளில் மூடிக் கிடக்கின்றன. “பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டே வரலாம், அவ்வளவு மெதுவாகத் திறக்கிறது. அதற்கு வயதாகிவிட்டது” என்கிறார்கள்.

மனிதனுக்கு வருவதுபோல் கணினிக்கும் முதுமை வருமா? புதிது வாங்கப் பணம் இல்லாத வீட்டில் இக்கேள்விக்கு விடை தெரிந்திருப்பது மிகவும் அவசியம்.

கணினியின் மூளை போன்றது மையச் செயலகம். அது நகக்கண் அளவுள்ள சிலிக்கன் சில்லு. அதில் தேயக்கூடிய பல்சக்கரமோ அச்சோ கிடையாது. 2012இல் விநாடிக்கு 200 கோடி துடிப்புகளுடன் வேலை செய்த செயலகம் இன்றும் அதே வேகத்தில் வேலை செய்யக்கூடியதே. அப்படியானால் ஏன் இந்தத் தள்ளாட்டம்? பெரும்பாலான நேரங்களில் அது வேலை செய்து களைப்பதில்லை. வேலைக்கு வேண்டிய தகவல் வந்து சேரும்வரை காத்துக் கிடக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு

மேசைமுன் அமர்ந்து கணக்கு எழுதும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். அவரே மையச் செயலகம். மேசைமேல் விரித்து வைத்த ஏடுகள்தாம் ‘ரேம்’ எனப்படும் நினைவகம். தொலைவிலுள்ள கிடங்குதான் வன்தட்டு. மேசையில் இல்லாத ஏடு எதுவானாலும் கிடங்கிலிருந்து வரவேண்டும்.

வன்தட்டு என்பது சுழலும் வட்டு. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அம்முனை சரியான தடத்திற்கு நகரவும் நேரம் வேண்டும். எல்லாம் சேர்ந்து சுமார் 15 மில்லி விநாடி.

கண் இமைக்கும் நேரத்தைவிட இது குறைவுதானே என்கிறீர்களா? செயலகத்தின் பக்கமிருந்து பாருங்கள். அந்த 15 மில்லி விநாடியில் அது 3 கோடி முறை துடித்துவிடும். ஒரு துடிப்பை நம்முடைய ஒரு விநாடி எனக் கொள்வோம். மேசையிலிருந்து, அதாவது நினைவகத்திலிருந்து, ஓர் ஏட்டை எடுக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். வன்தட்டிலிருந்து வரவழைக்க 3 கோடி விநாடி ஆகும். அது ஏறக்குறைய ஓர் ஆண்டு! கணினி திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான ஏடுகள் வரவேண்டும். தாமதம் எங்கே பிறக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

முதலில் நோயை அறிவோம்

மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து தருவதில்லை. நாமும் சோதிக்காமல் செலவு செய்யலாகாது. விண்டோஸ் 10 உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகை திறக்கும். செயலகம், நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பதை அது காட்டும்.

கணினி தடுமாறும் வேளையில் வட்டு 100 விழுக்காட்டிலும் செயலகம் அதற்கு மிகக் கீழேயும் நின்றால் குறை வன்தட்டின் பக்கம் இருக்கலாம். நினைவகமும் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் மேசையில் இடம் போதவில்லை என்று பொருள். அப்போது கணினி சில ஏடுகளைக் கிடங்கில் வைப்பதும் மீண்டும் எடுப்பதுமாக அலைகிறது. சிறிது நேரம் நன்றாக ஓடிவிட்டு, உடல் சூடேறிய பின் வேகம் குறைந்தால் குறை வெப்பத்தில் இருக்கிறது.

காசில்லா வைத்தியம்

கணினி திறக்கும்போதே நம்மைக் கேளாமல் தாமாகத் தொடங்கும் நிரல்கள் பல உண்டு. அதே பலகையில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் அவற்றின் பட்டியல் இருக்கும். பயன்படாதவற்றை நிறுத்திவிடுங்கள். ஆனால் பாதுகாப்பு நிரலைத் தொடாதீர்கள். வட்டில் பத்தில் ஒரு பங்கேனும் காலியாக இருக்கட்டும்.

அடுத்தது தூசி. உள்ளேயுள்ள சிறு விசிறி வெப்பக் காற்றை வெளியே தள்ளுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தூசி அதன் வழியை அடைத்துவிடுகிறது. வெப்பம் அபாய எல்லையை நெருங்கும்போது செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல செயலகங்களில் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கணினியை அணைத்து, மின்கலத்தைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தால் போதும். காற்று ஊதினால் விசிறியை விரலால் மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் அது அளவுமீறிச் சுழன்று பழுதாகலாம். கணினியை மெத்தைமீது வைத்து இயக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பஞ்சு காற்றுத் துளைகளை மூடிவிடும்.

சிறு செலவில் பெரும் பயன்

இவற்றுக்குப் பின்னும் வட்டு 100 விழுக்காட்டிலேயே நின்றால் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். இதில் சுழலும் பகுதி இல்லை. நுண்ணிய மின்கூறுகளில் மின்னூட்டமாகவே தகவல் நிற்கிறது. ஆகவே தகவலை எடுக்க மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நம் கற்பனைக் கணக்கில் ஓர் ஆண்டுக் காத்திருப்பு இரண்டே கால் நாளாகக் குறைந்துவிடுகிறது! இரண்டரை அங்குல ‘சாட்டா’ வகை எஸ்.எஸ்.டி. பல பழைய மடிக்கணினிகளில் வன்தட்டின் இடத்திலேயே பொருந்தும். கழற்றிய வன்தட்டைச் சிறு உறையிலிட்டுப் படங்களைச் சேமிக்கப் பயன்படுத்தலாம்.

நினைவகம் 2 ஜி.பி. மட்டும் இருந்தால் அதைக் கூட்டுவதும் நல்ல பலன் தரும். வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள். கணினியில் காலிப் பொருத்திடம் உள்ளதா? அது ஏற்பது டி.டி.ஆர்.3 வகையா, டி.டி.ஆர்.4 வகையா? அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும்? ஒரு வகைக்கு மற்றொன்று பொருந்தாது. சில கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது.

செயலகத்தின் மேல் ஓர் இயக்க முறைமையும் அமர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பொதுவாக வழங்குவது 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறா. அவற்றுக்கு லினக்ஸ் கைகொடுக்கும். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருவிலிருந்து வளர்ந்தது இது. லுபுண்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதவும் படிக்கவும் நிரல் பழகவும் இவை போதும்.

எச்சரிக்கை!

எதைச் செய்யுமுன்னும் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். போன கோப்பு எல்லா நேரமும் திரும்பி வராது. மூடியைத் திறக்குமுன் உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் கணினியை இயக்கவே வேண்டாம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். முதன்முறை திறப்பவர்கள் அனுபவமுள்ள பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

செய்து பாருங்கள்

கடிகாரத்தை எடுங்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவி திறக்கும்வரை எத்தனை விநாடி ஆகிறதென்று மூன்று முறை அளந்து சராசரியைக் குறியுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்தால் பலன் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் அறிவியலாளர் கைக்கொள்ளும் விதியும் இதுவே.

ஒரு மடிக்கணினியைச் செய்யத் தாமிரம், தங்கம், கோபால்ட் முதலிய பொருள்கள் பூமியிலிருந்து தோண்டப்படுகின்றன. பயன்படுத்தும் ஆண்டுகளில் செலவாகும் மின்சாரத்தைவிட அதை ஆக்குவதால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் சுமையே பெரும்பாலும் அதிகம். எல்லாப் பழைய கணினியையும் மீட்டுவிட முடியாது. தாய்ப்பலகை பழுதானால் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் காத்திருப்பு ஒன்றே குறை என்றால், அலமாரியில் கிடக்கும் கணினி உங்கள் தம்பி தங்கைக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.