கொடுக்கும் காசு யார் கையில் நிற்கிறது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைச் சற்று நின்று கவனியுங்கள். விழுகிற காசு தட்டில் தங்காது. இரண்டு மூன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். நடை சாத்துகிற நேரத்தில் டீக்கடைக்காரர் அந்தச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு நோட்டாகத் தருவார். கடைக்குச் சில்லறை வேண்டும், பாட்டிக்கு மாத்திரை வாங்க நோட்டு வேண்டும்.

சிக்னலில் உச்சி வெயிலில் கைக்குழந்தையோடு கார்க் கண்ணாடியைத் தட்டும் பெண்ணின் கதை வேறு. அவளுக்குக் கிடைப்பது அவளிடமே தங்குமா என்று நமக்குத் தெரியாது. குழந்தை இருந்தால் வசூல் கூடும் என்று கணக்குப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அதற்காகக் குழந்தையின் உறுப்பைச் சிதைத்தால் தண்டனை 7 முதல் 10 ஆண்டு. இப்படியொரு பிரிவை எழுதி வைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. அந்தக் கைக்குழந்தைக்காக நாம் நீட்டும் பத்து ரூபாய், நாளைக்கும் அதை அதே வெயிலில் நிறுத்தும்.

பெரியவர்களிடம் நாம் நடத்தும் விசாரணை எனக்குப் பிடிப்பதில்லை. “கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிடக் கூடாதா?” என்கிறோம். எழுபது வயதில், விலாசம் இல்லாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதை வாங்கவும் ஆதார், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டும். பிளாட்பாரத்தில் படுப்பவரிடம் இவையெல்லாம் எங்கே இருக்கும்? வாங்கிய காசில் டீ குடித்தாரா, பீடி வாங்கினாரா என்று துருவுவது நம் வேலை இல்லை. நம் சம்பளத்துக்கு யாரும் அப்படிக் கணக்குக் கேட்பதில்லை.

இந்தூரில் 2025 ஜனவரி முதல் பிச்சை போடுபவர் மீதும் வழக்கு என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 1945-ஆம் ஆண்டிலிருந்தே பிச்சைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல், அங்கே பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை ரத்து செய்தது. 2021-இல் தெருவிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்றக் கேட்டு வந்த மனுவில், அப்படி உத்தரவிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் கையேந்துகிறார்கள் என்று நீதிபதிகள் சொன்னது சரியான பேச்சு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பிச்சையெடுப்போர், நாடோடிகளாகத் திரிவோர் எண்ணிக்கை 4.13 லட்சம். இத்தனை பேரையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

ஆகவே என் முடிவு இது. முதியவர், நோயாளி, மாற்றுத்திறனாளி கேட்டால் கையில் இருப்பதைக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் “இல்லைங்க” என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். குழந்தை கேட்டாலோ, குழந்தையை வைத்துக் கேட்டாலோ காசு வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். எந்த சிக்னல், குழந்தைக்கு என்ன வயதிருக்கும் என்று சொன்னால் போதும். ஆதரவற்ற முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. இன்றைக்கே இரண்டையும் உங்கள் போனில் பதிந்து வையுங்கள்.