குலசையிலிருந்து ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க... ஒருநாள் கூலி, இரண்டு பேர், நான்கு பஸ்!

குலசேகரன்பட்டினத்தில் இருந்து ராக்கெட் கிளம்பப்போகிறது என்பது நாடறிந்த செய்தி. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். குலசையைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், இங்கிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கு நோக்கிக் கிளம்பினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசையில் ராக்கெட்டுக்கு அந்தச் சுற்றுவழி மிச்சம். இதே ஊரில் ஒருவருக்கு இதயத்திலோ மூளையிலோ சிக்கல் வந்தால், அவருக்கு அந்த வசதி இல்லை.

காய்ச்சல், பிரஷர், சுகர் என்றால் உடன்குடியிலோ திருச்செந்தூரிலோ பார்த்துக்கொள்ளலாம். "பெரிய டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால்தான் பயணம் தொடங்குகிறது. வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கே திருச்செந்தூர், ஆழ்வார்திருநகரி, செய்துங்கநல்லூர் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் போனால் பாளையங்கோட்டையில் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி'. திருநெல்வேலி அரசு மருத்துவமனையை இந்தப் பக்கத்து மக்கள் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக் 2019 ஜனவரி 27-ல் திறக்கப்பட்டது பெரிய நிம்மதி. அதற்கும் மேலே என்றால் மதுரை, நெய்யூர், திருவனந்தபுரம், வேலூர், சென்னை என்று தூரம் நீண்டுகொண்டே போகும். திருவனந்தபுரத்தில் இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், புற்றுநோய்க்கு மண்டலப் புற்றுநோய் மையம். சென்னையைவிடப் பல மடங்கு பக்கம் என்பதால், குமரி, நெல்லைப் பக்கத்தில் இருந்து பலர் மாநில எல்லை தாண்டிப் போவது வழக்கமான விஷயம்.

ஒரு பயணத்தின் கணக்கு

காலை ஓ.பி. சீட்டு வாங்க வேண்டுமென்றால் விடியும் முன்பே கிளம்பியாக வேண்டும். குலசையில் இருந்து திருச்செந்தூர், அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு டவுன் பஸ் அல்லது ஆட்டோ. திரும்பி வரவும் அதே கணக்கு. நோயாளி தனியாகப் போக முடியாது. கூட ஒருவர் போனால் அவருக்கும் அன்றைக்குக் கடல் தொழில் இல்லை, பனை வேலை இல்லை, கடை திறப்பு இல்லை. பஸ்ஸில் உட்கார முடியாத நிலை என்றால் வேன் பிடிக்க வேண்டும். டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். 'ஸ்கேன் எடுத்துட்டு வாங்க' என்றால் அன்றைய தினம் போயே போச்சு.

அரசு மருத்துவமனையில் டாக்டருக்குப் பணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. ஆனால் வேன் வாடகையும், கூட வந்தவரின் சாப்பாடும், போன கூலியும் எந்த பில்லிலும் ஏறாது. அறுவை சிகிச்சையைத் தாங்கிய குடும்பங்கள்கூட அதற்குப் பின் வரும் ரிவ்யூக்களில் தடுமாறுவது இதனால்தான். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று ஒரு முறை தள்ளிப்போடுவார்கள். அடுத்த முறை தானாகத் தள்ளிப்போகும்.

புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையைப் பாருங்கள். வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள் தொடர வேண்டும். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அதுவும் வருடக்கணக்கில். இதற்கெல்லாம் தினமும் 70 கிலோமீட்டர் போய் வருவது நடக்காத காரியம். ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க வேண்டும். இல்லை, பாதியில் விட வேண்டும். பாதியில் விட்ட கதிர்வீச்சு சிகிச்சை, எடுத்துக்கொண்ட கஷ்டத்துக்குப் பலன் தராமல் போகலாம்.

தூரம் தேடிப் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. நெய்யூர் மிஷன் மருத்துவமனை 1838-ல் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர், லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து பல ஆண்டுகள் இருந்தார். குடல்புண் அறுவை சிகிச்சையில் பேர் பெற்றவர். கை ராசிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றால் மாட்டுவண்டி காலத்திலும் ஜனங்கள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இன்னொரு சுவாரஸ்யம், குலசைக்கு அப்போது ரயிலே இருந்தது! பாரி கம்பெனியின் சின்ன ரயில், திருச்செந்தூரில் இருந்து குலசை வழியாகத் திசையன்விளை வரை ஓடியது. 1940-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று ரயில் ஏற திருச்செந்தூர்தான் போக வேண்டும்.

சாலை அறுந்த நாள்

2023 டிசம்பர் 17, 18 இந்தப் பகுதி மறக்காத நாள்கள். திருச்செந்தூருக்கு அடுத்துள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ மழை கொட்டியது. திருநெல்வேலிப் பாதை, தூத்துக்குடிப் பாதை இரண்டும் வெள்ளத்தில். திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துப் போயிருந்தன. அந்த நாள்களில் டயாலிசிஸ் தேதி வந்தவர்கள், பிரசவ வலி கண்டவர்கள் வீட்டாருக்குத்தான் தெரியும், ஒரே சாலையை நம்பியிருப்பது என்னவென்று.

வெள்ளம் எப்போதோ ஒரு முறை. தசரா வருடா வருடம் வரும். முத்தாரம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வரும் அந்தப் பத்து நாளும், குறிப்பாகச் சூரசம்ஹாரத்தன்று, வண்டிகள் நகராது. நோய் தீர்ந்தால் வேஷம் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய பேர். அந்த வாரத்தில் அப்பாயின்ட்மென்ட் விழுந்தால் முன்கூட்டியே மாற்றிக் கேட்பது நல்லது.

அலைச்சலைக் குறைக்க வேறு சில வழிகளும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் சிறப்புப் பிரிவு ஓ.பி. எல்லா நாளும் இருப்பதில்லை. எந்தக் கிழமை, எந்த பிளாக் என்பதை ஒரு போன் செய்து கேட்டால் வீண் அலைச்சல் மிச்சம். ரிப்போர்ட் மட்டும் காட்ட வேண்டும், மாத்திரை மட்டும் தொடர வேண்டும் என்றால், ரிவ்யூவை திருச்செந்தூரிலோ உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்க்க முடியுமா, அரசின் 'இ-சஞ்சீவனி' வீடியோ ஆலோசனை போதுமா என்று டாக்டரிடமே கேட்கலாம். கேட்காததால்தான் பாதிப் பயணங்கள் நடக்கின்றன. வெளிமாநிலம் போகிறவர்கள் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதைக் கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சுகர் இருப்பவர்கள் கவனிக்க: வெறும் வயிற்றில் டெஸ்ட் என்று சாப்பிடாமல் கிளம்பி, பழக்க தோஷத்தில் மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் போட்டுக்கொண்டால், பாதி வழியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். முந்தைய நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நெஞ்சு வலி, வாய் கோணுதல், கை கால் விழுதல் என்றால் எந்த ஸ்பெஷலிஸ்ட்டையும் தேடி நீங்களாக வேன் பிடிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதில் பயண நேரமும் சேர்த்திதான்.

புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி-யிலும் கட்டணம் முழு இலவசம். கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவிகிதச் சலுகை. ரயில்வே படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். முதல் முறை போகும்போதே அந்தப் படிவத்தையும் ஃபைலில் வைத்து எடுத்துப் போனால், அதற்கென்று தனியாக ஒரு நடை போக வேண்டியிருக்காது.